திக்காம் பலகை முதல் இணைய விளையாட்டு வரை

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். கடாரத்தைப் பற்றியோ மலாக்காவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் சென்ற மாதம் பள்ளி வாசலில் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே சரித்திரத்தையே வேறு பக்கம் திருப்பிவிட்டேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பேத்தியை அழைத்துவரப் போயிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தாயார். பள்ளி வேன் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த 180 வெள்ளியை, தாயாரின் கைப்பேசி வழியாக ஏதோ ஒரு விளையாட்டில் பெட்டி பெட்டியாக வாங்கித் தீர்த்துவிட்டானாம்.

"ஏன்டா தம்பி இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"காசு போடாட்டி ஜெயிக்கவே முடியாது சார். எல்லாரும் என்னைத் தோக்கடிக்கிறாங்க. பெட்டியைத் திறந்தா அந்த வாளு கிடைச்சுடும்னு நெனச்சேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல சார்."

அந்த "இல்ல சார்" என்ற சொல் என்னை அறுபது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் இழந்த ஐந்து காசு

அறுபதுகளில் எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் ஒரு திக்காம் பலகை தொங்கும். 'திக்காம்' மலாய்ச் சொல். அட்டையில் மடித்து ஒட்டிய சின்னச் சின்னக் காகிதங்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஐந்து காசு கொடுத்து ஒன்றைக் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணுக்கு உரிய பரிசு நமக்கு. மிட்டாய், பலூன், பிளாஸ்டிக் விசில் என்று சில்லறைச் சாமான்களே பெரும்பாலும் விழும். ஆனால் உச்சியில் ஒரு தகரக் கார் தொங்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எல்லாம் காசைக் கொட்டுவோம்.

ஒருநாள் பலகையின் கடைசிக் காகிதத்தையும் கிழித்தாகிவிட்டது. கார் மட்டும் அப்படியே தொங்கியது! அதற்குரிய எண் அந்தப் பலகையில் ஒட்டப்படவே இல்லை. கடைக்காரரைக் கேட்டோம். "அதெல்லாம் அடுத்த பலகையில வரும், போங்கடா" என்று விரட்டிவிட்டார். எங்களுக்கு அதைக் கேட்க நாதியில்லை.

இந்தக் கதையை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே கதை, கோடிக்கணக்கான பணத்தில், ஒரு பெரிய நாட்டில் மறுபடியும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இணைய விளையாட்டின் பிறப்பு

பலர் தொலைவிலிருந்தே ஒரே உலகத்தில் கூடி விளையாடும் முறை நேற்று முளைத்ததன்று. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்து முடித்தார். அதில் படம் ஒன்றும் கிடையாது. எல்லாம் எழுத்துதான். "வடக்கே போ" என்று தட்டினால், அங்கே என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எழுதிக் காட்டும்.

காசு கொடுத்துப் பலம் வாங்கும் பழக்கமும் அக்காலத்திலேயே தலைகாட்டியது. 1985ல் அட்டாரி நிறுவனத்தார் கடைகளில் வைத்த 'காண்ட்லெட்' என்ற விளையாட்டு எந்திரத்தில், நாணயம் போடப் போட வீரனுடைய உயிர்பலம் ஏறும். பையில் நாணயம் உள்ளவரை சாவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று விளையாடுபவர் நம் கூட்டாளி. எந்திரத்தை எதிர்த்துத்தான் காசு போட்டோமே தவிர, இன்னொரு பிள்ளையைத் தோற்கடிக்கப் போடவில்லை. இந்த வேறுபாடு முக்கியம்.

1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், சண்டை போட்டார்கள். மாதச் சந்தா கட்டிவிட்டால் எல்லோரும் சமம். இன்றைய பெரிய இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் அது முன்னோடி என்றால் மிகையாகாது.

சட்டத்தில் ஒரு ஓட்டை

எந்த விளையாட்டுக்கும் விதி உண்டு. கபடிக்குக் கோடு, சடுகுடு பாடும் மூச்சு. கம்ப்யூட்டர் விளையாட்டில் அந்த விதிகளை மனிதர் எழுதி வைக்கிறார். மனிதர் எழுதுவதில் பிழை இருக்கும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்து, தெரிவிக்க வேண்டியவரிடம் தெரிவிக்காமல், தனக்கு ஆதாயமாக்கிக்கொள்வதைத்தான் ஓட்டையில் புகுவது என்கிறோம்.

அல்டிமா ஆன்லைன் வெளிவருமுன், 1997 ஆகஸ்டில், அதன் சோதனை ஓட்டத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட், 'லார்டு பிரிட்டிஷ்' என்னும் அரசர் வேடத்தில் மக்களுக்குத் தரிசனம் கொடுக்க வந்தார். அந்த அரசரை யாராலும் கொல்ல முடியாது என்பது ஏற்பாடு. ஆனால் சற்று முன்புதான் கம்ப்யூட்டர் நின்றுபோய் மறுபடி இயங்கியிருந்தது. சாகாவரத்தை மீண்டும் போட்டுக்கொள்ள அரசர் மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரத்தை வீசினார். அரசர் பொத்தென்று விழுந்து செத்துப்போனார்! அந்த ஆட்டக்காரரைப் பிறகு சோதனையிலிருந்து நீக்கினார்கள். முன்பே பல ஓட்டைகளைத் தெரிவிக்காமல் பயன்படுத்தியவர் என்பது சொல்லப்பட்ட காரணம்.

இது சிரிக்கத்தக்க கதை. ஆனால் பொருள்களை இரட்டிப்பாக்கும் ஓட்டை சிரிப்புக்குரியதன்று. ஒருவரிடம் பொருளைக் கொடுத்துவிட்டு, கணக்கில் அது முழுதும் பதிவாகுமுன் கம்ப்யூட்டரைக் குழப்பிவிட்டால், பொருள் கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். இப்படியே பொற்காசைப் பெருக்கினால் என்ன ஆகும்?

நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்தில் வாழைமரம் போட்ட நோட்டை அவன் அச்சடித்துத் தள்ளினான். பண்டம் பெருகவில்லை, காகிதம் மட்டும் பெருகியது. விலை வானத்துக்கு ஏறியது. 1945ல் அவன் தோற்றதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. விளையாட்டு உலகத்திலும் இதுவேதான் நடந்தது. கள்ளப் பொற்காசு பெருகியதும், நேர்மையாக உழைத்துச் சேர்த்தவன் கையிலிருந்த காசு மதிப்பிழந்தது. ஓட்டையில் புகுந்தவன் ஏமாற்றியது கம்பெனியை மட்டுமன்று, கூட விளையாடிய தோழர்களையும்தான்.

விளையாட்டுக் காசும் நிசக் காசும்

1999ல் வந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் சேர்த்த வாளையும் கவசத்தையும் சிலர் வெளியே இணைய ஏலத்தில் நிசமான டாலருக்கு விற்றார்கள். அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா இதை 2001ல் ஆராய்ந்தார். அந்தக் கற்பனை நாட்டில் ஒருவர் மணிக்குச் சராசரி 3.42 டாலர் மதிப்புள்ள பொருளைச் சேர்க்கிறார் என்று கணக்கிட்டார். தலைக்கு இவ்வளவு என்று உற்பத்தியைக் கணக்குப் பார்த்தால், இல்லாத அந்த நாடு ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வந்து நின்றது!

இதைக் கண்டதும் விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே யாரோ விற்று லாபம் பார்ப்பதை நாமே நடத்தினால் என்ன? 2012ல் பிளிசார்டு நிறுவனம் 'டயாப்லோ 3' விளையாட்டுக்குள்ளேயே நிசப் பணத்தில் வாங்கி விற்கும் ஏலச் சந்தை ஒன்றைத் திறந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு.

விளைவு? மறு ஆண்டு மே மாதத்தில் சந்தையிலேயே ஓட்டை விழுந்தது. பழைய டாக்சி மீட்டர் 99999ஐத் தாண்டினால் 00000க்குப் புரளும் அல்லவா? அதுபோலக் கம்ப்யூட்டர் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மிஞ்சிய பொற்காசை விற்பனைக்கு வைத்தால் கணக்கு புரண்டுவிடும். விற்பனையை ரத்து செய்தால் வைத்ததைவிட அதிகமாகத் திரும்பி வரும். சிலர் மணிக்கணக்கில் காசைக் குவித்தார்கள். நிறுவனம் சந்தையை அவசரமாக மூடித் திருத்த வேண்டியதாயிற்று. கடைசியில் 2014 மார்ச் 18ஆம் நாள் அந்த ஏலச் சந்தையையே நிரந்தரமாக இழுத்து மூடிவிட்டார்கள். பூதங்களை வென்று பொருள் சேர்ப்பதுதான் அந்த விளையாட்டின் உயிர். சந்தையில் எல்லாம் விலைக்குக் கிடைத்ததும் அந்த உயிர் போய்விட்டது என்பதை நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டார்கள்.

இலவசம் என்னும் தூண்டில்

இதற்கிடையே தென் கொரியாவில் வேறொரு வழி பிறந்தது. நெக்சன் நிறுவனம் 1999ல் வெளியிட்ட 'குவிஸ்குவிஸ்' என்னும் விளையாட்டு, சந்தா வேண்டாம், சும்மா விளையாடுங்கள், உள்ளே பொருள் வேண்டுமானால் மட்டும் காசு கொடுங்கள் என்ற முறைக்கு வழிகாட்டியது. 2003ல் வந்த 'மேப்பிள் ஸ்டோரி' அந்த முறையிலேயே உலகெங்கும் பரவியது. 2005ல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் என்றே ஒரு தனிப் பதிப்பு வந்தது. அன்று சைபர் கஃபேயில் அதை விளையாடிய பிள்ளைகள் பலர் இன்று நம் பள்ளிப் பெற்றோர்கள். இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் கடை வாசல்களில் நாணயம் போட்டுத் திருகினால் உருண்டையில் ஒரு பொம்மை விழும் எந்திரம் உண்டு. அதற்குக் 'கச்சாபோன்' என்று பெயர். 2004ல் ஜப்பானிய மேப்பிள் ஸ்டோரியில் இதே எந்திரத்தைக் கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள். ஒரு சீட்டு 100 யென். என்ன விழும் என்று தெரியாது. எங்கள் தோட்டத்துத் திக்காம் பலகை கடல் கடந்து, மின்சாரம் பாய்ந்து, திரும்பி வந்துவிட்டது!

பிறகு வெள்ளம்தான். 2006ல் அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 'ஒப்ளிவியன்' விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை 2.50 டாலருக்கு விற்றது.  அதற்கே ஆட்டக்காரர்கள் நகைத்தார்கள். 2009ல் ஆப்பிள் கைப்பேசியில் விளையாட்டுக்குள்ளேயே வாங்கும் வசதி வந்தது. 2017ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' வந்தபோது நிலைமை முற்றியது. முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டிலேயே, பலம் தரும் பெட்டிகளைத் தனியாகக் காசுக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். காசு போடாதவன் டார்த் வேடர் போன்ற வீரரைப் பெற மணிக்கணக்கில் மாடாய் உழைக்க வேண்டும். உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள், நவம்பர் 16ல், நிறுவனம் காசு விற்பனையை நிறுத்திவைத்தது.

இங்கே ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஓட்டையில் புகுந்து குறுக்கு வழியில் ஜெயித்தவனைக் கள்ளன் என்று சொல்லி வெளியே தள்ளினார்கள். சரி, நியாயம்தான். அதே குறுக்கு வழிக்கு நிறுவனமே கதவு வைத்து, விலை எழுதித் தொங்கவிட்டால் அதற்கு வியாபாரம் என்று பெயர். ஆனால் நேர்மையாக விளையாடி எதிரே நிற்கும் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் தோற்றது திறமையிடம் அல்ல.

தகரக் கார் மீண்டும் தொங்கியது

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன கதைக்கு வருகிறேன்.

மேப்பிள் ஸ்டோரியில் 2010 மே மாதத்தில் 'கியூப்' என்ற ஒரு பொருளை விற்கத் தொடங்கினார்கள். அதைப் பயன்படுத்தினால் நம் வாளிலோ கவசத்திலோ மறைந்துள்ள மூன்று வரிப் பலன்கள் மாறிவிழும். நல்ல பலன் விழும்வரை கியூபை வாங்கிக்கொண்டே இருக்கலாம். பெரும் பூதங்களை அடிக்கும் பலம் மூன்று வரியிலும் ஒருசேர விழ வேண்டும் என்பதே கொரிய ஆட்டக்காரர் பலருடைய கனவு. அதற்காக ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டினார்கள்.

2021ன் தொடக்கத்தில் சந்தேகம் முற்றியது. ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டி, மின்பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து, கம்பெனி வாசலிலும் நாடாளுமன்றத்தின் அருகிலும் நிறுத்தினார்கள். மார்ச் மாதத்தில் நிறுவனம் கணக்கை வெளியிட்டது. அந்த மூன்று வரிகளும் ஒன்றாக விழும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

கொரிய நாட்டின் நியாய வாணிப ஆணையம் விசாரித்தது. மிக விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் விழவே விழாதபடி 2011 ஆகஸ்டு முதல் 2021 மார்ச் வரை அமைத்து வைத்திருந்ததையும், அதை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாததையும் கண்டது. 2024 ஜனவரியில் நெக்சனுக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டில் கொரிய நுகர்வோர் அமைப்பின் சமரசத்தின்படி, சுமார் 8 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 2,190 கோடி வோன் ஈடு கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பத்து ஆண்டுகள் தகரக் கார் உச்சியில் தொங்கியது. அதற்குரிய எண் பலகையில் இல்லை. எங்களைக் கடைக்காரர் விரட்டிவிட்டார். கொரியப் பிள்ளைகளோ விடவில்லை, கணக்குக் கேட்டார்கள். அதுதான் வேறுபாடு.

அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன

2012ல் ஜப்பான், பல சீட்டுகளை எடுத்து முழுத் தொகுதி சேர்த்தால்தான் பெரிய பரிசு என்னும் ஒருவகைக் கச்சா முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. 2017 மே முதல் சீனா, எந்தப் பொருள் விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்றது. 2018ல் பெல்ஜியம், காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்மானித்தது. 2024 மார்ச் 22 முதல் தென் கொரியாவிலும் வாய்ப்புக் கணக்கை வெளியிடுவது சட்டமாயிற்று.

அமெரிக்காவில் பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி வாங்கிய வழக்கில் 2014ல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித்தர உடன்பட்டது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், ஆட்டக்காரரை ஏமாற்றி வாங்க வைத்ததாக எழுந்த வழக்கில் 2022ல் 24.5 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது.

கணக்குப் பாடம்

மாணவச் செல்வங்களே! "நூற்றுக்கு ஒரு விழுக்காடு வாய்ப்பு" என்று திரையில் போட்டிருந்தால், நூறு பெட்டி வாங்கினால் கட்டாயம் ஒன்று கிடைக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? தப்பு! ஒவ்வொரு பெட்டியும் புதுப் பெட்டி. முந்தின பெட்டியில் நீ தோற்றது அதற்குத் தெரியாது. 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.37 வரும். அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி வாங்கினால், சுமார் 37 பிள்ளைகள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாடாதே என்று நான் சொல்லவில்லை. விளையாட்டை உருவாக்குபவருக்கும் வயிறு உண்டு. அவர் கூலி வாங்குவது குற்றமன்று. ஆனால் காசு போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது அலங்காரமா, அல்லது அடுத்தவனை வெல்லும் பலமா? என்ன கிடைக்கும் என்பதை முன்னதாகவே காட்டுகிறார்களா? இது யாருடைய காசு? மூன்றாவது கேள்விக்கு "அம்மா காசு" என்று பதில் வந்தால், அம்மாவைக் கேட்காமல் விரலை வைக்காதே.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். அதில் நம் வங்கிக் கணக்கும் சேர்ந்தே போகிறது. வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து வையுங்கள். அந்தச் சொல்லைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அதைவிட முக்கியம், அவன் என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திட்டினால் ஒளிப்பான், கேட்டால் சொல்லுவான்.

சகுனியின் பகடையில் தருமன் தோற்றதை நாம் பாரதத்தில் படித்தோம். வள்ளுவரும் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பகடை மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை.

இன்று மேடையில் கோப்பை வாங்கப்போகும் பிள்ளைகளே, அதுபோன்ற கோப்பை பட்டணத்துக் கடையில் முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் வாங்கி வீட்டில் வைக்கலாம். ஆனாலும் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது உங்கள் தாயாருக்குக் கண்ணில் நீர் வருகிறதே, ஏன்? அது விலைக்கு வராத கோப்பை என்பதால்தான்.

வேன் கட்டணத்தை இழந்த அந்த மாணவனும் இவ்வாண்டு கணிதத்தில் முன்னேற்றப் பரிசு வாங்குகிறான் என்று ஆசிரியர் சொன்னார். அவனுக்கு என் தனிப்பட்ட வாழ்த்து.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!